நீலகிரியிலிருந்து கார்ப்பரேட் வென்ச்சர் முதலீடு: தொடர்புச் சாதனம் உருவாக்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லோரா (குறைந்த மின்சக்தியில் தொலைதூரம் எட்டும் ரேடியோ) கேட்வே, நிலச்சரிவு சென்சார், யானை வருகையை முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு, பள்ளத்தாக்கைத் தாண்டும் வயர்லெஸ் இணைப்பு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இப்படிப்பட்ட சாதனங்களைச் செய்யும் சிறு நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. ஒரு பெரிய டெலிகாம், சிப் அல்லது மென்பொருள் நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு உங்களோடு பேசத் தொடங்கினால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கார்ப்பரேட் பணத்தில் மதிப்பீட்டுத் தொகையைவிட, அதோடு சேர்ந்து வரும் வணிக நிபந்தனைகளே உங்கள் நிறுவனத்தின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றன.

கார்ப்பரேட் வென்ச்சர் என்பது சாதாரண வென்ச்சர் ஃபண்டிலிருந்து எதில் வேறுபடுகிறது?

சாதாரண ஃபண்டு அடுத்தவர் பணத்தைத் திரட்டி, குறித்த காலத்துக்குள் லாபத்தோடு திருப்பித் தர வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. கார்ப்பரேட் பிரிவுக்கு லாபத்தோடு இன்னொரு கணக்கும் உண்டு. புதிய தொழில்நுட்பத்தை முன்கூட்டியே அறிவது, தன் சிப்பையோ நெட்வொர்க்கையோ அதிகம் விற்பது, பின்னாளில் வாங்கத் தகுந்த நிறுவனத்தைப் பக்கத்தில் வைத்திருப்பது ஆகியவை அந்தக் கணக்கில் வரும். இன்டெல் கேபிடல் 1991-லும் குவால்காம் வென்ச்சர்ஸ் 2000-லும் தொடங்கப்பட்டவை. 2020 ஜூலையில் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் இன்டெல் கேபிடல் 1,894.5 கோடி ரூபாயும், குவால்காம் வென்ச்சர்ஸ் 730 கோடி ரூபாயும் போட்டன. இரண்டுமே அரை சதவீதத்துக்கும் குறைவான பங்குகள். பங்கின் அளவு சிறிதானாலும் இந்தியாவின் பெரிய நெட்வொர்க் ஒன்றோடு நெருக்கம் கிடைக்கிறது.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி: பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? தாய் நிறுவனத்தின் சொந்த இருப்பிலிருந்து என்றால், ஒரு மோசமான காலாண்டு வந்ததும் முதலீடு நின்றுபோகலாம். தனியாகப் பதிவு செய்த ஃபண்டிலிருந்து என்றால், செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகள் பொருந்தும்: ஒரு திட்டத்துக்குக் குறைந்தது 20 கோடி ரூபாய் நிதி இருக்க வேண்டும், முதல் இரண்டு வகை ஃபண்டுகள் தங்கள் முதலீட்டுத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தில் போட முடியாது. இப்படித் தனி ஃபண்டிலிருந்து வரும் பணத்துக்கு ஆயுள் கொஞ்சம் உறுதி.

நீலகிரி எந்தத் தொழில்நுட்பத்துக்கு நல்ல சோதனைக் களம்?

சமவெளியில் தெரியாத குறைகளை மலை ஒரே பருவத்தில் காட்டிவிடும். முதலீட்டாளருக்கு இங்கிருந்து நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய சான்று அதுதான். ஆனால் எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் ஒரே மாதிரி அல்ல.

குறைந்த மின்சக்தி ரேடியோ: 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் இல்லாமல் இயங்கலாம். லோராவில் மிக மெதுவாக அனுப்பி மிகத் தூரம் எட்டும் எஸ்.எஃப்.12 அமைப்பில், 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், ரிசீவர் சுமார் மைனஸ் 137 டிபிஎம் வரை, அதாவது மிகப் பலவீனமான சிக்னலையும், பிடிக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. 10 பைட் செய்தி எஸ்.எஃப்.7-ல் 0.06 நொடியில் போய்விடும், எஸ்.எஃப்.12-ல் கிட்டத்தட்ட ஒன்றரை நொடி காற்றில் இருக்கும். மழைக்காலத்தில் எல்லா சென்சாரும் சிக்னல் குறைந்து தானாகவே எஸ்.எஃப்.12-க்குப் போனால், ஒன்றின் மேல் ஒன்று மோதிச் செய்திகள் தொலையும். மேசையில் 10 சென்சாரோடு சோதித்தவருக்கு இது தெரியாது; தோட்டத்தில் 300 சென்சார் வைத்த பிறகுதான் தெரியும்.

5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு: பள்ளத்தாக்கைத் தாண்டும்போது நடுவில் தடையே இருக்காது, தொல்லை இரு முனைகளில்தான். 10 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்புள்ளியில் ஃபிரனல் மண்டலத்தின் (அலை விரிந்து செல்லும் நீள்வட்டப் பகுதியின்) ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 7 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். அதே தூரத்துக்கு 865 மெகாஹெர்ட்ஸில் ஆரம் 29 மீட்டர், காலியாக வேண்டியது 18 மீட்டர். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் வருடா வருடம் உயரும், கிளை கழிக்கப்படும், மறுபடி தழைக்கும். நனைந்த இலை 5.8 கிகாஹெர்ட்ஸைக் கடுமையாக உறிஞ்சும். கிளை கழித்த மாதத்தில் எடுத்த அளவை வைத்து முதலீட்டாளரிடம் உறுதி சொல்லாதீர்கள்.

இ-பேண்டும் (80 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து ரேடியோ) ஒளிக்கற்றையும்: இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுப் பேசுவார்கள், மலையில் அவை நேர் எதிராக நடந்துகொள்ளும். 80 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பனிமூட்டம் பெரிய தடையல்ல, மழைதான் எதிரி. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 30 டெசிபல் போய்விடும். ஒளிக்கற்றை இணைப்புக்கு மூட்டமே எதிரி. 50 மீட்டருக்கு அப்பால் தெரியாத மூட்டத்தில் கிலோமீட்டருக்கு 300 டெசிபலுக்கு மேல் இழப்பு வரும். எந்தக் கருவியாலும் அதைத் தாண்ட முடியாது. குன்னூர், கோத்தகிரி விளிம்புகளில் மூட்டம் மணிக்கணக்கில் நிற்கும். ஒளிக்கற்றைச் சாதனத்தை இங்கே விற்க வருபவர், அதோடு சேர்ந்து ஒரு ரேடியோ மாற்றுவழியையும் காட்ட வேண்டும்.

செயற்கைக்கோளிலிருந்து நேராகக் கைபேசிக்கு வரும் சேவை பந்தலூர், சேரம்பாடி, மசினகுடி போன்ற நிழற்பகுதிகளுக்கு அவசியமானதுதான். ஆனால் அதில் சிறு நிறுவனத்துக்கு இடம் இருப்பது ஆன்டெனாவிலும், மின்சக்தி மேலாண்மையிலும், மேலே ஓடும் மென்பொருளிலும்தான்.

பைலட்டை (சிறு அளவிலான களச் சோதனையை) எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

ஜூனில். மார்ச், ஏப்ரலில் வெயிலும் தெளிந்த வானமும் இருக்கும்போது எந்தச் சாதனமும் அழகாக ஓடும். அந்த எண்களைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர் நம்பமாட்டார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் செய்தி தொலையாமல் வந்ததா என்பதே கேள்வி. இன்னொரு வசதியும் உண்டு: இந்தியப் பெருநிறுவனங்களின் புது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஜூனில் பைலட்டுக்குப் பட்ஜெட் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓட்டி, அக்டோபரில் அறிக்கை தந்தால், அடுத்த ஆண்டு பட்ஜெட் எழுதப்படும் முன் உங்கள் எண்கள் அவர்கள் மேசையில் இருக்கும்.

ஒவ்வொரு மணிக்கும் பதிவாக வேண்டியவை: சிக்னல் வலு, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், அனுப்பியதில் எத்தனை செய்தி வந்தது, பேட்டரி வோல்டேஜ், பெட்டிக்குள் வெப்பநிலை, ஈரப்பதம். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே சாதனம் சாவதற்கு ரேடியோவைவிடப் பெட்டிக்குள் வியர்க்கும் நீரே காரணமாவது அதிகம்.

மின்சக்திக் கணக்கு: 5 வாட் எடுக்கும் கேட்வே ஒரு நாளைக்கு 120 வாட்-அவர் தின்னும். கூடலூர் பக்கம் ஜூலையில் ஏழு நாள் சூரியன் இல்லை என்று வைத்துக்கொண்டால் 840 வாட்-அவர். பேட்டரியில் 80 சதவீதம் மட்டுமே பயன்படுத்துவது என்றால் 1,050 வாட்-அவர், அதாவது 12.8 வோல்ட்டில் 82 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் போடுங்கள். ஊட்டி, தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் பாழாகும். விடியற்காலைச் சூரியன் பேனலில் படும் நேரமும் பனி உறைந்திருக்கும் நேரமும் ஒன்றுதான். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதியுள்ள பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மைச் சுற்று) கட்டாயம் வேண்டும்.

பைலட்டுக்குப் பணம் கேட்டால் முதலீடு கைவிட்டுப் போகுமா?

போகாது. கேட்காவிட்டால்தான் ஆபத்து. இலவச பைலட்டுக்கு அந்த நிறுவனத்தில் பொறுப்பாளர் இருக்கமாட்டார். முடிவு தேதியும் இருக்காது. முதலீட்டுப் பிரிவு வேறு, சாதனத்தை வாங்கும் வணிகப் பிரிவு வேறு என்பதை மறக்காதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டர் வணிகப் பிரிவிலிருந்து, சிறு தொகையானாலும், தனியாக வர வேண்டும். அதில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை இடம், எத்தனை நாள், எந்த எண்ணைத் தொட்டால் வெற்றி, வெற்றியானால் அடுத்து எத்தனை சாதனம் வாங்குவார்கள். "90 நாளில் அனுப்பிய செய்திகளில் 98 சதவீதம் வந்து சேர வேண்டும், சாதனத்தை யானையோ ஆட்களோ உடைத்த நாள்கள் கணக்கில் வராது" என்பதுபோல் தெளிவாக. யானை கம்பத்தில் உடம்பைத் தேய்ப்பதும், குரங்கு கேபிளைக் கடிப்பதும் இங்கே வாராவாரம் நடப்பவை. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அவையெல்லாம் உங்கள் தோல்வியாகப் பதிவாகும்.

எந்த அனுமதிகளை முதலீட்டாளரின் வக்கீல் கேட்பார்?

நான்கு திசையிலிருந்து கேள்வி வரும்.

ரேடியோ: உரிமம் தேவையில்லாத பட்டையானாலும் சாதனத்துக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் கருவி வகை ஒப்புதல் வேண்டும். உரிமப் பட்டையில் ஆராய்ச்சி செய்வதானால் சரல் சஞ்சார் தளத்தில் சோதனை உரிமம் பெற வேண்டும். டெலிகாம் நெட்வொர்க்கோடு இணையும் கருவிகளுக்கு டெலிகாம் துறையின் தரநிலைப் பிரிவான டி.இ.சி.யின் கட்டாயச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள்.

நம்பகமான மூலம்: 2021 ஜூன் 15 முதல் உரிமம் பெற்ற டெலிகாம் நிறுவனங்கள் அரசு நம்பகமானது என்று ஏற்ற இடத்திலிருந்து வரும் கருவிகளை மட்டுமே தங்கள் நெட்வொர்க்கில் புதிதாக இணைக்கலாம். ஆகவே உங்கள் உதிரிபாகப் பட்டியலில் எந்தச் சிப் யாரிடமிருந்து வருகிறது என்பது முதல் வாரமே கேட்கப்படும். விலை குறைவு என்று போட்ட ஒரு மோடம் மாட்யூலுக்காக முழு போர்டையும் மறுபடி வடிவமைக்க நேரிட்டால் ஆறு மாதம் போய்விடும்.

நிலம்: காட்டு நிலத்தில் கம்பம் நட 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், வனச்சரகரிடம் வாய்மொழியாகப் பெற்ற சம்மதம் ஆவணம் ஆகாது. கட்டுமானம் என்றால் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலிலுள்ள கிராமமா என்று பாருங்கள். கூடலூர், பந்தலூரில் இன்னும் ஒரு சிக்கல்: 1969-ஆம் ஆண்டு ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் நிலங்களுக்கு உரிமை யாருக்கு என்பதே தகராறில் இருக்கிறது. அங்கே எஸ்டேட் தந்த ஒப்புதல் கடிதத்தை வக்கீல் ஏற்கமாட்டார். பைலட்டுக்கு ரயத்துவாரி பட்டா (அரசிடம் நேரடியாகப் பெற்ற உரிமை) நிலத்தையோ பஞ்சாயத்துக் கட்டிடத்தையோ தேடுவது நல்லது.

முத்தோரை: 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் அங்கே இயங்குகிறது. இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவு தேவைப்பட்டதால்தான் கோவிந்த் ஸ்வரூப் குழு இந்த மலையைத் தேர்ந்தது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். உங்கள் ரேடியோ அந்த அலைவரிசையில் இல்லாவிட்டாலும், மலிவான சோலார் சார்ஜ் கன்ட்ரோலரின் ஸ்விட்சிங் இரைச்சல் அங்கே வரை எட்டக்கூடும். அந்தப் பக்கம் சாதனம் வைக்குமுன் தொலைநோக்கி மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். கம்பிகளில் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்த வளையம்) போடுங்கள், உலோகப் பெட்டி பயன்படுத்துங்கள். இந்த மலையின் அறிவியல் சொத்து அது.

முதலீடு முடிவாக எத்தனை மாதம் ஆகும்?

ஆறு மாதத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். முதலீட்டுப் பிரிவு விரும்பினால் போதாது. வணிகப் பிரிவில் ஒருவர் "எங்களுக்கு இது வேண்டும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு, முதலீட்டுக் குழு. அந்த வணிகப் பிரிவு அதிகாரி நடுவில் இடம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே ஒருவரோடு மட்டும் உறவு வைக்காமல் குறைந்தது இரண்டு பேரைத் தெரிந்துவையுங்கள். பேச்சு தொடங்கும் நாளில் கையில் பத்து மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். இரண்டு மாதப் பணத்தோடு உட்கார்ந்தால் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும்.

எவ்வளவு பங்கு கேட்பார்கள்? கணக்கு எப்படி?

பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கவே விரும்புவார்கள். 20-ஐத் தொட்டால் கணக்குத் தரநிலைப்படி அவர்களுக்கு உங்கள்மேல் குறிப்பிடத்தக்க செல்வாக்கு இருப்பதாக அனுமானம் வரும். கம்பெனிச் சட்டப்படி நீங்கள் அவர்களின் அசோசியேட் நிறுவனம் ஆவீர்கள். உங்கள் நஷ்டம் அவர்கள் கணக்கில் தெரியும். அவர்கள் உங்களிடம் வாங்கும் ஒவ்வொரு ஆர்டரும் தொடர்புடைய தரப்பு வணிகம் என்ற கேள்விக்கு உள்ளாகும். இது உங்களுக்கும் நல்லதல்ல.

ஒரு கணக்கு. முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 20 கோடி, போடுவது 4 கோடி. பிந்தைய மதிப்பு 24 கோடி. அவர்கள் பங்கு 16.67 சதவீதம். பணியாளர் பங்குத் தொகுப்பு 10 சதவீதம், அதுவும் முந்தைய மதிப்புக்குள்ளேயே ஒதுக்க வேண்டும் என்றால், நிறுவனர்களிடம் மீதி 73.33. "20 கோடி மதிப்பு" என்று பேசியது நிறுவனர்களைப் பொறுத்தவரை உண்மையில் 17.6 கோடிதான். தொகுப்பு எந்தப் பக்கம் வருகிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

விற்கும்போது முன்னுரிமை: பங்கேற்பு இல்லாத ஒரு மடங்கு முன்னுரிமை இருந்து, நிறுவனம் 12 கோடிக்கு விலைபோனால், அவர்கள் 16.67 சதவீதத்துக்கான 2 கோடிக்குப் பதில் போட்ட 4 கோடியை எடுப்பார்கள். உங்களுக்கு 8 கோடி. பங்கேற்போடு என்றால் 4 கோடியும், மீதி 8-ல் அவர்கள் பங்கும் சேர்ந்து 5.33 கோடி போகும். முதலாவது நியாயமானது. இரண்டாவதை ஏற்காதீர்கள்.

டெர்ம் ஷீட்டில் (முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கத் தாளில்) எந்த வரியைக் கண்டதும் நிற்க வேண்டும்?

எல்லாவற்றிலும் கொடியது, நிறுவனத்தை விற்கும்போது வாங்கும் முதல் உரிமை. வேறொருவர் 50 கோடி தருகிறேன் என்றால், அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை இவர்களுக்கு. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து வருபவர் வக்கீல், ஆடிட்டர், பொறியாளர் எல்லாரையும் வைத்து மூன்று மாதம் ஆராய்ந்து ஒரு விலை சொல்ல, கடைசி நாளில் இன்னொருவர் அதே விலையில் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தால், யார் வருவார்கள்? ஏலத்தில் ஒரே ஆள் மிஞ்சுவார். அவரே விலையும் சொல்வார். தரக்கூடிய மாற்று: விற்பனைப் பேச்சு தொடங்கினால் அவர்களுக்கு அறிவிப்பது, 10 முதல் 15 நாளுக்குள் அவர்கள் தங்கள் விலையைச் சொல்வது, அதோடு முடிந்தது. அதைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, தனியுரிமை, அதாவது அவர்களுக்கு மட்டுமே விற்பது என்ற கட்டு. "இந்தியாவில் வேறு எந்த டெலிகாம் நிறுவனத்துக்கும் விற்கக்கூடாது" என்பதை ஏற்றால் அந்த நாளோடு உங்கள் சந்தை முடிந்தது. வற்புறுத்தினால் மூன்று கட்டு போடுங்கள்: ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் (தேயிலைத் தோட்டக் கண்காணிப்பு என்பதுபோல்), 12 மாதத்துக்கு மட்டும், குறைந்தபட்ச ஆர்டர் தொகையைத் தொடும்வரை மட்டும். ஆர்டர் வராவிட்டால் தனியுரிமை தானாகவே விலக வேண்டும்.

மூன்றாவது, அறிவுச்சொத்து. நீங்கள் ஏற்கெனவே வைத்திருப்பது, பைலட்டில் புதிதாக உருவாவது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். கூட்டாக உருவாக்கியது என்ற பெயரில் ஃபர்ம்வேரின் மையப் பகுதி போய்விடக்கூடாது. காப்புரிமை விண்ணப்பம் முதல் தொழில்நுட்பச் சந்திப்புக்கு முன் தாக்கலாகி இருக்கட்டும். ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருந்தால் கட்டணச் சலுகையும் விரைவுப் பரிசீலனையும் கிடைக்கும். சாதனம் கல்லூரி ஆய்வகத்தில் பிறந்தது என்றால், உரிமை யாருடையது என்று கல்லூரியிடம் முதலில் எழுதி வாங்குங்கள்.

மற்றவை பேசித் தீர்க்கக்கூடியவை. போர்டு இயக்குநருக்குப் பதில் பார்வையாளர் இடம் தருவது இரு தரப்புக்கும் வசதி. போட்டி நிறுவனம் பற்றிய பேச்சு வரும்போது அவர் வெளியேற வேண்டும் என்று எழுதுங்கள். மாத அறிக்கையில் வாடிக்கையாளர் பெயரும் விலையும் வேண்டாம். மொத்த வருவாய் போதும்.

ஒரு டெலிகாம் நிறுவனம் பங்கு எடுத்தால் மற்ற நிறுவனங்கள் நம்மிடம் வாங்குமா?

தயங்கும். பங்கு சிறிதாகவும், போர்டில் இடம் இல்லாமலும், தகவல் உரிமை குறைவாகவும் இருந்தால் தயக்கம் குறையும். இரண்டு கார்ப்பரேட்டுகள் சேர்ந்து வருவதோ, ஒரு சாதாரண ஃபண்டு முன்நின்று விலை வைக்க, கார்ப்பரேட் பின்னால் சேர்வதோ நல்ல அமைப்பு.

ஆனால் பல டெலிகாம் பெயர்கள் பங்குதாரர் பட்டியலில் இருப்பதே விற்பனை ஆகாது. பிரான்சின் சிக்ஃபாக்ஸ் குறைந்த மின்சக்தி நெட்வொர்க்கில் முன்னோடி. 2015-ல் டெலிஃபோனிக்கா, எஸ்.கே. டெலிகாம், என்.டி.டி. டோகோமோ வென்ச்சர்ஸ் உள்ளிட்டோர் 115 மில்லியன் டாலர் சுற்றில் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு என்.பி.-ஐ.ஓ.டி. தரநிலை வந்தது, மொபைல் நிறுவனங்கள் தங்கள் கோபுரங்களிலேயே அதே சேவையைத் தர வழி பிறந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் சாதனங்கள் சேரவில்லை. 2022 ஜனவரியில் சிக்ஃபாக்ஸ் திவால் பாதுகாப்புக்குப் போனது. ஏப்ரலில் சிங்கப்பூரின் யூனாபிஸ் வாங்கியது. உங்கள் முதலீட்டாளரே நாளை உங்கள் சேவையைத் தன் நெட்வொர்க்கில் தர முடியுமா என்பதை இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றில் அவர்கள் பணம் போடாவிட்டால்?

வெளியார் அதைக் கெட்ட அறிகுறியாகப் படிப்பார்கள். "உள்ளே இருப்பவரே போடவில்லையே" என்பார்கள். செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப் இதற்குப் பெரிய சான்று. 2015-ல் ஏர்பஸ், குவால்காம், பாரதி, கோகோ கோலா எல்லாம் சேர்ந்து 500 மில்லியன் டாலர் போட்டன. பிறகு சாஃப்ட்பேங்க் பெரும் பணத்தோடு வந்தது. 2020 மார்ச்சில் அடுத்த கட்டப் பணம் கிடைக்காமல் ஒன்வெப் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டன் அரசும் பாரதியும் தலா 500 மில்லியன் டாலர் தர முன்வந்து மீட்டன. செயற்கைக்கோள்கள் வானில் ஓடிக்கொண்டிருந்தபோதே கீழே பணம் தீர்ந்தது. உங்கள் அளவில் தற்காப்பு: கார்ப்பரேட்டின் பங்கு ஒரு சுற்றில் பாதிக்கு மேல் போக விடாதீர்கள், அடுத்த சுற்றில் தங்கள் விகிதத்தைக் காக்கும் உரிமை தரலாம், ஆனால் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை முடிந்துவிட வேண்டும், அடுத்த சுற்றைத் தடுக்கும் வீட்டோ மட்டும் தரக்கூடாது.

முன்பணமும் முதலீடும் கலந்து வந்தால் நல்லதா?

மிக நல்லது. 2024 மே மாதம் அமெரிக்க டெலிகாம் நிறுவனமான வெரைசான், செயற்கைக்கோளிலிருந்து கைபேசிக்குச் சேவை தரும் ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைலுக்கு ஒப்புக்கொண்ட 100 மில்லியன் டாலரில் 65 மில்லியன் சேவைக்கான முன்பணம், 35 மில்லியன் பங்காக மாறக்கூடிய கடன்பத்திரம். முன்பணத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த மைல்கல்லில் எந்தத் தவணை, பொருள் தராவிட்டால் திருப்பித் தருவதா என்பதை வரிவரியாகப் படியுங்கள். திருப்பித் தர வேண்டிய முன்பணம் கடன்தான்.

வெளிநாட்டு நிறுவனம் போட்டால் கூடுதலாக என்ன?

பங்கு விலை, மதிப்பீட்டாளர் சான்றளித்த நியாய விலைக்குக் குறையக்கூடாது. பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் தேதி தவறினால் தாமதக் கட்டணம். டெலிகாம் துறையில் 2021 முதல் நூறு சதவீதம் வரை தானியங்கி வழி உண்டு. ஆனால் இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டு முதலீட்டுக்கு 2020 ஏப்ரலில் வந்த பிரஸ் நோட் 3 அரசு அனுமதியைக் கட்டாயமாக்கியது. முதலீட்டாளரின் பின்னால் உள்ள இறுதி உரிமையாளர் யார் என்பதையும் அது பார்க்கிறது. சிங்கப்பூர் முகவரி என்றதும் விட்டுவிடாமல், உரிமையாளர் பட்டியலைக் கேளுங்கள். விதிகள் திருத்தப்படுவதுண்டு, கையெழுத்துக்கு முன் கம்பெனி செக்ரட்டரியிடம் அன்றைய நிலையை உறுதி செய்யுங்கள்.

பணம் கணக்கில் வந்த நாளே செலவழிக்கலாமா?

கூடாது. தனியார் ஒதுக்கீட்டில் பணம் தனி வங்கிக் கணக்கில் வர வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பாஸ்-3 படிவம் தாக்கலாக வேண்டும். அது தாக்கலாகும்வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. உதிரிபாகம் ஆர்டர் செய்யும் அவசரத்தில் இதை மீறினால் அடுத்த சுற்று வக்கீல் கண்டுபிடிப்பார். நியாய விலைக்கு மேல் பங்கு விற்றால் நிறுவனம் கட்ட வேண்டியிருந்த பழைய 'ஏஞ்சல் வரி' 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. அந்தக் கவலை தீர்ந்தது.

யானை, புலி இருப்பிடத் தரவை முதலீட்டாளர் கேட்டால்?

கொடுக்காதீர்கள். முதுமலையைச் சுற்றிய விலங்குகளின் நேரடி இருப்பிடம் வேட்டைக்காரர் கையில் போனால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வனத்துறையோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் தரவு துறையுடையது, நீங்கள் கையாள்பவர் மட்டும் என்று எழுதுங்கள். முதலீட்டாளருக்குச் சாதனத்தின் இயக்க எண்கள் போதும். தகவல் உரிமைப் பிரிவில் இந்த விலக்கைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

கார்ப்பரேட் பணமே வேண்டாம் என்றால்?

2022 அக்டோபரில் தொடங்கிய டெலிகாம் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி, கிராமப்புறத் தொடர்புக்கான ஆராய்ச்சிக்கு மானியம் தருகிறது. இப்போது டிஜிட்டல் பாரத் நிதியின் கீழ் வருகிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என்.னின் தான்சீட் விதை நிதி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 5ஜி சோதனைத்தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. எஸ்டேட்டுகளிடமும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளிடமும் வாங்கும் நேரடி ஆர்டர் மெதுவானது. ஆனால் அதற்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை.

ஆய்வுக் குழு மலைக்கு நேரில் வந்தால் எதைக் காட்டுவது?

2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது. வரும் தேதியை முன்கூட்டிச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சீசன் வார இறுதிகளைத் தவிர்க்கவும். தொட்டபெட்டாவுக்கு அழைத்துப்போகாதீர்கள், 2,637 மீட்டர் உயரத்திலிருந்து எந்தச் சிக்னலும் போகும், அது எதையும் நிரூபிக்காது. உங்கள் சாதனங்கள் மிக மோசமாக இயங்கும் இடத்துக்கு, மஞ்சூர் பள்ளமோ தேவாலா மூலையோ, அங்கே கூட்டிச்செல்லுங்கள். கையில் மூன்று தாள் போதும்: பருவமழை மாதங்களின் மணிவாரிப் பதிவு, நின்றுபோன ஒவ்வொரு சாதனமும் எதனால் நின்றது என்ற பட்டியல், விற்பனையாளர் பெயரோடு உதிரிபாகப் பட்டியல். பெட்டியை அவர்கள் கண்முன் திறந்து காட்டுங்கள். கேபிள் நுழையும் கிளாண்டு அடிப்பக்கம் இருக்கிறதா, கம்பியில் நீர் சொட்ட வளைவு விட்டிருக்கிறதா, எர்த் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்பதை நல்ல பொறியாளர் முதலில் பார்ப்பார். அதற்கு முந்தைய நாளே நீங்கள் பார்த்துவிடுங்கள்.